தீக்காவல் குடிலிலிருந்து மலைகளை அடையாளம் காண்பது எப்படி? பில்சக் மலையை வைத்து ஒரு முழு வழிகாட்டி

பில்சக் மலை உச்சியில் இருக்கும் மரக்குடிலுக்குள் போக ஒரு சின்ன ஏணி ஏற வேண்டும். ஏறி நிமிர்ந்தால் நாலு பக்கமும் ஜன்னல், ஜன்னல் முழுக்க மலை. முதல் தடவை போனபோது கிழக்கே கூர்மையாக, பனி ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிகரத்தைக் காட்டி, "அதுதான் கிளேசியர் பீக்" என்று கூட வந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த இரண்டு கோடைக்கும் ஊரிலிருந்து யார் வந்தாலும் அதையே காட்டினேன். அது ஸ்லோன் பீக். நிஜமான கிளேசியர் பீக் அதற்கு 10 டிகிரி இடப்பக்கம், முதல் நாள் ஆகஸ்ட் மூட்டத்துக்குள் மறைந்திருந்தது. பிறகு தெளிவான நாளில் அது தெரிந்தபோதும் நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. பெயர் தெரிந்துவிட்டது என்று நினைத்த பிறகு யார் பார்க்கிறார்கள்?

கையை முன்னால் நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அவ்வளவுதான் என் பிழை. ஆனால் கிளேசியர் பீக் இருக்கும் 32 மைல் தூரத்தில் அந்த ஒரு முஷ்டி ஐந்து மைலுக்கு மேல் வரும். ஒரு தீக்காவலாளி அந்த அளவுக்குத் தவறினால், தீயணைக்கப் போகிறவர்கள் வேறு பள்ளத்தாக்கில் போய் நிற்பார்கள்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள கேஸ்கேட் மலைத்தொடரை வைத்து இதை எழுதுகிறேன். முறை எந்த மலைக்கும் பொருந்தும்.

குடில் எதற்கு, பெயர் எதற்கு

1910 ஆகஸ்ட் 20, 21 ஆகிய இரண்டே நாட்களில் ஐடஹோ, மொன்டானா, வாஷிங்டன் பகுதிகளில் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. குறைந்தது 85 பேர் இறந்தார்கள். அமெரிக்க வனத்துறைக்கு அப்போது ஐந்து வயது. தீ சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடிக்காவிட்டால் பிறகு எத்தனை ஆள் இருந்தும் பயனில்லை என்று புரிந்தது. அப்புறம்தான் உச்சிகளில் குடில்கள் பெருகின. நம் பழைய பாட்டுகளில் தினைப்புனத்துக்கு நடுவே பரண் கட்டிக் கிளி ஓட்டுவார்களே, வேலை அதே மாதிரிதான்: உயரத்தில் உட்கார், பார், கத்து.

கத்துவதற்கு ஒரு கருவியும் வேண்டியிருந்தது. போர்ட்லண்டில் இருந்த வனத்துறை ஊழியர் வில்லியம் புஷ்னெல் ஆஸ்போர்ன் 1910களில் செய்தது அது. ஆஸ்போர்ன் ஃபயர் ஃபைண்டர் என்று பெயர். வட்டமான வரைபடம், அதன் நட்ட நடுவில் நீங்கள் நிற்கும் குடில். சுற்றி 360 டிகிரி குறித்த இரும்பு வளையம். வளையத்தின் ஒரு பக்கம் சின்ன துளை, எதிர்ப்பக்கம் செங்குத்தாக இழுத்துக் கட்டிய குதிரைமுடி. துளை வழியே பார்த்து, முடியைப் புகைக்கு நேராக நிறுத்தினால் கோணம் கையில். பக்கத்துக் குடில்காரரும் தன் கோணத்தைச் சொன்னால் இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் தீ.

பக்கத்துக் குடிலிலிருந்து புகை தெரியவில்லை என்றால்? "83 டிகிரி, இன்ன மலைக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லியாக வேண்டும். மலைப்பெயர் அங்கேதான் வேலைக்கு வருகிறது. முகவரியில் தெருப்பெயர் மாதிரி.

படி 1: குடிலையும் நாளையும் தேர்ந்தெடுப்பது

முதல் முறைக்குப் பில்சக்கைச் சொல்வேன். சியாட்டிலிலிருந்து கிரனைட் ஃபால்ஸ் ஊர் வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரம் போல ஆகும். போய்வர ஐந்தரை மைல் நடை, 2,300 அடி ஏற்றம், உச்சி 5,300 அடிக்குச் சற்று மேல். கடைசிக் கொஞ்ச தூரம் பாறைகளின் மேல் கை ஊன்றி ஏற வேண்டும். சின்னக் குழந்தைகளை அதற்குக் கீழேயே நிறுத்துவது நல்லது. வண்டி நிறுத்த வன அனுமதிச் சீட்டு வேண்டும். வண்டிக்குள் பையை வைத்துவிட்டுப் போகாதீர்கள், கண்ணாடி உடைகிற இடம்.

ஜூலை பாதிக்கு முன் பாதையில் பனி இருக்கும். ஆகஸ்டில் எங்காவது காடு எரிந்து அந்தப் புகையே பார்வையை மறைக்கும், தீ பார்க்கக் கட்டிய குடிலிலிருந்து ஒன்றுமே தெரியாது. செப்டம்பரில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் என் கணக்கில் சிறந்த நாள்.

வேறு குடில்களும் உண்டு. ரெய்னியர் தேசியப் பூங்காவில் மவுண்ட் ஃபிரீமாண்ட் குடில் சுலபம். ஹிடன் லேக் குடிலுக்கு ஏற்றம் அதிகம். ராஸ் ஏரிக்கு மேலே இருக்கும் டெசொலேஷன் பீக்குக்குப் படகிலும் போகலாம், நடந்தும் போகலாம். 1956 கோடையில் எழுத்தாளர் ஜாக் கெரவாக் 63 நாள் காவலிருந்த குடில் அது. அந்த மலைக்கு 'பாழ்' என்ற பொருளில் பெயர் வந்ததற்கே காரணம் தீதான்: 1926-ல் அதன் சரிவுகள் எரிந்தன, வனத்துறையின் நிலஅளவையாளர் லாகே வெர்ன்ஸ்டெட் அதைப் பார்த்து வைத்த பெயர்.

படி 2: வீட்டிலேயே ஒரு தட்டு செய்துகொள்வது

போனில் மலைப்பெயர் காட்டும் செயலிகள் இருக்கின்றன, கேமராவைத் தூக்கினால் பெயர் மிதக்கும். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை முதலில் திறந்தால் கண் பழகாது, பெயர் தலையில் நிற்காது. அதனால் ஒரு அட்டைத் தட்டு.

கடினமான அட்டையில் ஒரு சாண் அகல வட்டம் வெட்டுங்கள். பில்சக் நடுவில் வருகிற மாதிரி, சுற்றிலும் 100 மைல் தெரிகிற மாதிரி ஒரு வரைபடத்தை அச்செடுத்து ஒட்டுங்கள். ஓரத்தில் 360 டிகிரி கோணமானியை அச்செடுத்து ஒட்டி, 0-வை வரைபடத்தின் வடக்கோடு பொருத்துங்கள். நடுவில் ஒரு குண்டூசி. ஊசியில் ஒரு சாண் தையல் நூல். நூலை இழுத்துப் பிடித்து, ஊசியையும் நூலின் நுனியையும் தூரத்து மலையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தால் நூல் ஓரத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் திசைக்கோணம். குதிரைமுடிக்குப் பதில் தையல் நூல், அவ்வளவுதான் வித்தியாசம். என் தட்டு இரண்டு டிகிரிக்குள் சரியாகச் சொல்கிறது, பொழுதுபோக்குக்கு அது போதும்.

காம்பஸும் கொண்டுபோகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் என்சிசி முகாமில் காம்பஸ் பிடித்தவர்களுக்குக் காந்த விலகல் என்று ஒன்று இருப்பதே மறந்திருக்கும். அங்கே முள் காட்டும் வடக்குக்கும் நிஜ வடக்குக்கும் வித்தியாசம் 2 டிகிரிக்கும் குறைவு. கேஸ்கேடில் முள் 15 டிகிரி போலக் கிழக்கே சாய்ந்து நிற்கும். காம்பஸ் காட்டும் எண்ணோடு 15-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டாமல் 'வடக்கே பேக்கர் மலை' என்று முள்ளை நம்பித் தேடினால், அந்தப் பக்கம் நிற்கும் ஷுக்சானைப் பேக்கர் என்று நினைத்துவிடுவீர்கள். பழைய வரைபடத்தில் அச்சடித்த விலகலையும் நம்ப வேண்டாம். 1950களின் படங்களில் இது 22 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. மலை நகரவில்லை, பூமியின் காந்தம்தான் நகர்ந்தது. குடிலில் இரும்பும் இருக்கும், காம்பஸை அதனிடமிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

படி 3: முதலில் இரண்டு முளை அடிப்பது

உச்சிக்குப் போனதும் குடிலுக்குள் இருக்கும் பெயர்ப்பலகைகளைப் பார்க்க வேண்டாம். வெளியே நின்று இரண்டே இரண்டு மலைகளை மட்டும் தேடுங்கள்.

பில்சக்குக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. வடக்கே 50 மைலில் பேக்கர், தெற்கே 83 மைலில் ரெய்னியர். மூன்றின் தீர்க்கரேகையும் கிட்டத்தட்ட ஒன்று. பேக்கரின் கோணம் 359, ரெய்னியரின் கோணம் 179. அதாவது பேக்கரைப் பார்த்துவிட்டு அப்படியே முதுகைத் திருப்பினால் ரெய்னியர். இரண்டும் எரிமலை, இரண்டும் கோடையிலும் வெள்ளை, தவறவிட வழியில்லை. தட்டைத் தரையில் வைத்து 359-179 கோட்டை இந்த இரண்டுக்கும் நேராகத் திருப்பிவிட்டால் தட்டு பூட்டிக்கொண்டது. காம்பஸே வேண்டாம்.

இந்த வேலையை முடிக்காமல் வேறு எந்த மலைக்கும் பெயர் சொல்லாதீர்கள். என் ஸ்லோன் பீக் கதைக்குக் காரணமே இந்த அவசரம்தான்.

படி 4: வலப்பக்கமாக ஒரு சுற்று

இப்போது பேக்கரில் தொடங்கிக் கடிகார முள் திசையில் திரும்புங்கள். ஒவ்வொரு மலையிலும் மூன்று விஷயம் குறியுங்கள்: கோணம், முன்னால் மறைப்பது எது, பின்னால் எட்டிப் பார்ப்பது எது. நிறமும் உதவும். கிட்ட இருக்கும் முகடு கரும்பச்சை, அதற்குப் பின்னால் நீலம், அதற்கும் பின்னால் சாம்பல். அப்புறம் பெயர். பெயருக்கு வரும்போது நான் கேட்கும் முதல் கேள்வி, அதை வைத்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்பது. அதைக் கண்டுபிடித்தால் பாதிக் கதை வந்துவிடும்.

பேக்கரை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் வைத்தவர் நின்றது கப்பலில். 1792 ஏப்ரல் 30 அன்று கேப்டன் ஜார்ஜ் வான்கூவரின் கப்பலில் இருந்த லெப்டினன்ட் ஜோசப் பேக்கர் கண்ணில் பட்டது, அவர் பெயரையே வைத்தார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அதே கடலில் வந்த ஸ்பானியர்கள் 'கார்மெலோவின் பெருமலை' என்று எழுதி வைத்திருந்தார்கள். கீழே ஆற்றோரம் வாழ்ந்த நூக்சாக் மக்களுக்கோ அது 'வெள்ளை மலை'. பேக்கருக்கு இன்னொரு பெயராகப் பலர் சொல்லும் 'குல்ஷான்' அவர்கள் மொழியில் உச்சியைக் குறிக்கவில்லை, அதன் உயரத்திலுள்ள திறந்த சரிவுகளைக் குறித்தது என்பது அந்த மொழியை ஆராய்ந்தவர்கள் சொல்வது. 'மாபெரும் வெள்ளைக் காவலன்' என்று அதற்கு ஒரு பொருள் சுற்றுலாக் கையேடுகளில் உலவுகிறது. இதைப் பற்றிப் பிறகு.

கொஞ்சம் வலப்பக்கம், 10 டிகிரிக்கு முன்பாக, ஷுக்சான். இது பூர்வகுடிச் சொல், 'உயர்ந்த சிகரம்' என்று பொருள் சொல்வது வழக்கம்.

27 டிகிரியில் வைட்ஹார்ஸ். ஒரு குடியேறியின் வெள்ளைக் குதிரை காணாமல் போனதாம். தேடிக்கொண்டிருந்தபோது மலைமேல் பனித்திட்டு ஒன்று குதிரை வடிவில் தெரிய, 'உன் குதிரை அங்கே நிற்கிறது பார்' என்று யாரோ கிண்டல் செய்ததாகக் கதை. நம்புவதும் விடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் பெயர் வைத்தவர் எங்கே நின்றார் என்பது தெளிவு: மலையடியில், டேரிங்டன் ஊர்ப் பக்கம்.

33 டிகிரியில் த்ரீ ஃபிங்கர்ஸ். மூன்று விரல், விளக்கம் வேண்டாம். ஆனால் பைனாகுலரை எடுத்து அதன் தெற்கு விரலைப் பாருங்கள். அங்கேயும் ஒரு தீக்காவல் குடில் இருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அதைக் கட்ட உச்சியில் சமதளமே இல்லை என்று பாறையை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசிப் பகுதியை மர ஏணிகளில் ஏறித்தான் அடைய முடியும். மலையின் விரல்நுனியை வெட்டி வீடு கட்டியது எனக்கு இன்னும் ஒப்புக்கொள்ள முடியாத வேலை, ஆனால் அங்கிருந்து பார்த்த படங்களைப் பார்த்தால் வாய் மூடிக்கொள்கிறது.

83 டிகிரியில் கிளேசியர் பீக். 10,541 அடி. பேக்கரைவிடச் சில நூறு அடிதான் குறைவு, ஆனாலும் எந்த லெப்டினன்ட்டின் பெயரும் இதற்கு ஒட்டவில்லை. காரணம் எளிது: கடலிலிருந்து தள்ளி, மற்ற முகடுகளுக்குப் பின்னால் நிற்கிறது, கப்பல்காரர்கள் கண்ணில் படவில்லை. 1850களில் பூர்வகுடிகள் சொல்லித்தான் வெள்ளையர்களுக்கு அங்கே இன்னொரு எரிமலை இருப்பதே தெரிந்தது. 'கிளேசியர் பீக்' என்ற பெயர் வரைபடத்தில் ஏறியது 1898-ல். 'பனியாறு உள்ள சிகரம்', எந்தக் கற்பனையும் இல்லாத பெயர். பூர்வகுடிகள் அதை டகோபெட் என்றார்கள். ரெய்னியருக்குச் சொல்லும் தஹோமாவும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை, பனி நீங்காத மலை என்ற பொருளில். இரண்டு மலைக்கு ஒரே பெயரா என்று குழம்ப வேண்டாம். அவரவர் ஊரிலிருந்து பார்த்தால் பனிமலை ஒன்றுதான். நீலகிரியில் தொட்டபெட்டா என்றால் 'பெரிய மலை'. அதற்கு மேல் அங்கே இருப்பவருக்கு என்ன பெயர் தேவை?

92, 93 டிகிரியில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு. முன்னால் பிக் ஃபோர், பின்னால் தலைகாட்டுவது என் பழைய ஸ்லோன் பீக். பிக் ஃபோருக்குப் பெயர் வந்தது அதன் கிழக்கு முகத்தில் பனி 4 என்ற எண் வடிவில் தங்குவதால். பில்சக்கிலிருந்து நாம் பார்ப்பது மேற்கு முகம், எத்தனை மணி நேரம் பார்த்தாலும் 4 தெரியாது. மலைக்கும் பெயருக்கும் சம்பந்தமே இல்லையே என்று தோன்றும்போதெல்லாம் இந்த மலையை நினைத்துக்கொள்வேன். பெயர் வைத்தவர் நின்றது அந்தப் பக்கம்.

134-ல் ஸ்டூவர்ட் மலையைத் தேடிப் பாருங்கள். 1853-ல் ராணுவ அதிகாரி ஜார்ஜ் மெக்கிளெலன், போரில் இறந்துபோன தன் நண்பர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் நினைவாக வைத்தது. 153 பக்கம் இண்டெக்ஸ், ஆள்காட்டி விரல் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் பக்கத்தில் பெர்சிஸ். இண்டெக்ஸ் ஊரை உருவாக்கிய தம்பதியில் மனைவியின் பெயர் பெர்சிஸ் கன்.

179. ரெய்னியர், 14,410 அடி. இதைப் பற்றித்தான் அதிகம் சண்டை. வான்கூவர் 1792 மே மாதம் தன் நண்பர் பீட்டர் ரெய்னியரின் பெயரை வைத்தார். அந்த மனிதர் இந்த மலையைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அது போதாதென்று, அமெரிக்க விடுதலைப் போரில் அமெரிக்கர்களை எதிர்த்துச் சண்டை போட்ட பிரிட்டிஷ் கடற்படைக்காரர். மலையடியில் டகோமா என்று ஒரு நகரம் வளர்ந்தபோது, மலைக்கும் அந்தப் பெயரே வேண்டும் என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள். போட்டி நகரமான சியாட்டில் சும்மா இருக்குமா? 1890-ல் அமெரிக்கப் புவியியல் பெயர்கள் வாரியம் ரெய்னியர்தான் என்றது. மறுபடி வழக்கைக் கிளப்பியபோது 1917-லும் அதையே சொன்னது. பூர்வகுடிகள் மரபை மதித்துப் போட்ட சண்டை மாதிரி இது சொல்லப்படுவதுண்டு. எனக்கு அதில் பாதி ஊர் விளம்பரமாகத்தான் தெரிகிறது.

தெற்கு முடிந்து மேற்கே திரும்பினால் கடல்நீர், தீவுகள், அதற்கு அப்பால் ஒலிம்பிக் மலைகள். 1774-ல் ஹுவான் பெரெஸ் என்ற ஸ்பானிய மாலுமி அதன் உச்சிக்கு சான்டா ரோசாலியாவின் பனிமலை என்று பெயரிட்டார். 1788-ல் வந்த ஆங்கிலேயர் ஜான் மியர்ஸ் கிரேக்கக் கடவுளர் குடியிருக்கத் தக்கது என்று ஒலிம்பஸ் என்றார். 240-லிருந்து 253 டிகிரிக்குள் இருக்கும் பெயர்கள் மட்டும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1856-ல் கடற்கரை அளவைக்கு வந்த ஜார்ஜ் டேவிட்சன், தான் விரும்பிய எலினோர் ஃபான்ட்லராயின் பெயரை ஒரு சிகரத்துக்கு வைத்தார். அவள் அக்காவின் பெயரில் கான்ஸ்டன்ஸ். இரண்டு சகோதரர்களுக்குமாகச் சேர்த்து 'தி பிரதர்ஸ்'. 1858-ல் கல்யாணம் நடந்தது. மச்சான்களுக்கு மலை கொடுத்த மாப்பிள்ளை வேறு யாராவது இருக்கிறார்களா தெரியவில்லை.

கடைசியில் காலடியைப் பாருங்கள். பில்சக். சினூக் வணிகமொழியில் 'பில்' சிவப்பு, 'சக்' நீர். பல மொழி பேசிய பூர்வகுடிகளும் வணிகர்களும் தங்களுக்குள் பேச வைத்திருந்த கலப்பு மொழி அது. மலைக்கு 'செந்நீர்' என்று ஏன் பெயர்? கீழே ஓடும் பில்சக் ஆற்றின் பெயர் மேலே ஏறிவிட்டது. பெயர் வைத்தவர் ஆற்றங்கரையில் நின்றிருக்கிறார்.

படி 5: பெயரின் வேரைத் தேடுவது

வீட்டுக்கு வந்து செய்யும் வேலை. முதலில் அதிகாரப்பூர்வப் பெயரை எழுத்துப் பிசகாமல் எடுங்கள். மேலே சொன்ன வாரியத்தின் தரவுத்தளத்தில் எல்லா மலையும் இருக்கிறது, பழைய மாற்றுப் பெயர்களும் சிலவற்றுக்கு இருக்கும். அடுத்து அமெரிக்க நிலவியல் அளவைத்துறை இலவசமாக வைத்திருக்கும் பழைய வரைபடங்கள். ஒரே இடத்தின் வரைபடங்களை ஆண்டு வரிசையில் பின்னோக்கிப் பாருங்கள். பெயர் எந்த ஆண்டில் முதலில் தலைகாட்டுகிறது, அதற்கு முன் என்ன இருந்தது? இந்த ஒரு வேலையிலேயே பாதிக் கட்டுக்கதைகள் உதிர்ந்துவிடும். வரலாற்றுப் பேராசிரியர் எட்மண்ட் மீனி 1923-ல் வாஷிங்டன் மாநில இடப்பெயர்களைத் தொகுத்தார், அதுவும் நல்ல தொடக்கம். ஒலிம்பிக் மலைகளில் ஒன்றுக்கு மீனி என்றே பெயர் உண்டு, தொகுப்பு வருவதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் முன்னாலேயே ஒரு ஆய்வுப் பயணக் குழு வைத்துவிட்டது.

குடிலிலிருந்து பார்த்தது சரிதானா என்று சோதிக்க இன்னொரு பொக்கிஷம். 1930களில் வனத்துறை ஆட்கள் தீக்காவல் உச்சிகளில் நின்று, ஆஸ்போர்ன் வடிவமைத்த சிறப்புக் கேமராவில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று படம் எடுத்து முழு வட்டத்தையும் பிடித்தார்கள். படத்தின் விளிம்பிலேயே கோண அளவும் பதிந்திருக்கும். தேசியப் பூங்காக்களில் எடுத்தவற்றைப் பூங்காத் துறை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. இன்றைய படத்தைப் பக்கத்தில் வைத்தால் பனியாறு எவ்வளவு சுருங்கிவிட்டது என்பது தெரிந்து வயிற்றைக் கலக்கும்.

பூர்வகுடிப் பெயர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். நான் வைத்திருக்கும் சோதனை இது: இரண்டு அசைச் சொல்லுக்கு ஒரு வாக்கியம் நீளத்துக்குக் கவித்துவமான பொருள் சொன்னால் சந்தேகப்படுங்கள். 'மாபெரும் வெள்ளைக் காவலன்' அந்த வகை. மக்கள் தாங்கள் வாழும் இடத்துக்கு வைக்கும் பெயர்கள் பெரும்பாலும் பெரியமலை, வெள்ளைமலை, செந்நீர் என்று வெறும் வர்ணனையாகத்தான் இருக்கின்றன. கவிதை பிறகு வந்தவர்கள் ஏற்றியது. துலாலிப், சாக்-சுயாட்டில் போன்ற பழங்குடிகள் இன்றும் இந்த மலைகளின் அடியிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய மொழித் துறை சொல்வதற்கும் சுற்றுலாக் கையேட்டுக்கும் முரண் வந்தால் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை.

மேசையில் உட்கார்ந்து வைத்த பெயர்களும் உண்டு. 1830களில் ஹால் கெல்லி என்பவர் கேஸ்கேட் மலைகளுக்கெல்லாம் அமெரிக்க அதிபர்களின் பெயரைச் சூட்டத் திட்டம் போட்டார். ஹூட் மலைக்கு ஆடம்ஸ் என்று வைக்க நினைத்தார். வரைபடம் போட்டவர் அந்தப் பெயரை 40 மைல் போலத் தள்ளி வேறு இடத்தில் எழுதிவிட்டார். பார்த்தால் அந்த இடத்தில் நிஜமாகவே 12,000 அடிக்கு மேல் ஒரு மலை! இன்றைக்கும் அதுதான் ஆடம்ஸ் மலை.

இதற்கு நேர் எதிர், குதிரைமேல் உட்கார்ந்து பெயர் வைத்த ஆல்பர்ட் சில்வெஸ்டர். 1908 முதல் 1931 வரை வெனாச்சி தேசிய வனத்தின் கண்காணிப்பாளர். தீ எங்கே என்று சொல்ல ஒவ்வொரு ஓடைக்கும் ஏரிக்கும் முகட்டுக்கும் பெயர் தேவைப்பட்ட காலம். அவர் ஆயிரத்துக்கும் மேல் வைத்தார். அத்தனைக்கு எங்கே போவது? உடன் வேலை செய்தவர்களின் மனைவி, சகோதரிகள் பெயர்கள் ஏரிகளுக்குப் போயின. பிடித்த கவிஞர்கள் ஒரு முகடு முழுக்க வரிசையாக நிற்கிறார்கள்: போ, லாங்ஃபெலோ, விட்டியர். போ மலையில் பிறகு ஒரு தீக்காவல் குடிலும் வந்தது. உதவியாளர் ஒருவர் கோடக் கேமராவைத் தொலைத்த சிகரம் கோடக் பீக் ஆனது. பழைய பாத்திரம் கழுவும் தட்டு ஒன்று கிடந்த கணவாய் டிஷ்பேன் கேப். தீக்காவலாளியின் குரலில் இதைக் கற்பனை செய்து பாருங்கள்: 'தட்டுக் கணவாய்க்கு மேலே புகை.' கேட்டவுடன் யாருக்கும் மறக்காது. ரெய்னியரைவிட நல்ல பெயர் என்பேன்.

இந்த மாதிரிப் பெயர் வைக்கும் பழக்கம் நமக்கும் தொடர்பில்லாததல்ல. 1802-ல் சென்னை பரங்கிமலையை ஒட்டி வில்லியம் லாம்டன் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கிய அளவைதான் வளர்ந்துபோய் இமயத்தில் முடிந்தது. அங்கே ஒரு சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் என்று பெயர் வந்தது, அதில் ஜார்ஜ் எவரெஸ்டுக்கே சம்மதமில்லை. பரங்கிமலை என்ற பெயரையும் மேலே சொன்ன கேள்வியால் சோதித்துப் பாருங்கள். பரங்கியர் தங்களைப் பரங்கியர் என்று சொல்லிக்கொள்வதில்லை, அந்தப் பெயரை வைத்தவர் மலையடியில் நின்று அண்ணாந்து பார்த்த நம் ஆள்.

படி 6: நிஜமாகவே புகையைக் கண்டால்

பில்சக்கில் இன்று காவலாளி கிடையாது. விமானமும் கேமராவும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன, குடிலைத் தன்னார்வலர்கள் பராமரிக்கிறார்கள். அதனால் ஒரு புகையை முதலில் பார்ப்பது நீங்களாகவே இருக்கலாம்.

பதற்றப்படாமல் பத்து நிமிடம் பாருங்கள். மழை பெய்து வெயில் வந்த பிறகு பள்ளத்தாக்குகளில் வெண்மையாக ஒரு இழை எழும்பும். பழைய காவலாளிகள் அதை வாட்டர் டாக் என்பார்கள். தமிழில் நீர்நாய் என்றால் வேறு பிராணி வந்துவிடும், அதனால் அப்படியே விடுகிறேன். அது வெறும் ஈரக்காற்று. மரங்களுக்கு மேல் ஊர்ந்து, பிரிந்து, கரைந்துவிடும். புகைக்கு அடி ஒரே இடத்தில் இருக்கும், நிறம் நீலமாகவோ பழுப்பாகவோ இருக்கும், விட்டு விட்டுப் புதிதாக எழும்பும்.

புகைதான் என்றால் தட்டை எடுங்கள். பேக்கருக்கும் ரெய்னியருக்கும் நேராகப் பூட்டுங்கள். நூலை இழுத்துக் கோணத்தைப் படியுங்கள், இரண்டு தடவை. பிறகு 911, அதாவது அமெரிக்காவின் அவசர உதவி எண். சொல்ல வேண்டிய வரிசை: நீங்கள் நிற்கும் இடம், நிஜ வடக்கிலிருந்து கோணம், எந்த மலைக்கு முன்னால் அல்லது பின்னால், புகையின் நிறம், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள். "பில்சக் குடிலிலிருந்து 92 டிகிரி, பிக் ஃபோருக்கு இந்தப் பக்கம், பழுப்புப் புகை, 2.40 மணி." பிக் ஃபோருக்கு இந்தப் பக்கமா, அதற்கும் ஸ்லோனுக்கும் நடுவிலா என்று தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். கோணம் மட்டும் சரியாக இருந்தால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.